தங்கையாவின் கோலும் என் புள்ளி ஏடும்

பிறர் ஆடும் ஆட்டத்துக்குப் புள்ளி எழுதுகிறவனைப் போல நன்றி பெறாத பிறவி இவ்வுலகில் வேறில்லை. வென்றவன் தன் திறமையால் வென்றதாகவும், தோற்றவன் புள்ளி எழுதியவனால் தோற்றதாகவும் எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறான். திருவிழாக் கபடிக்கு விசில் ஊதியவர்கள், பள்ளி விளையாட்டுப் போட்டியில் நீளந்தாண்டுதலுக்கு நாடா பிடித்தவர்கள், கோலப் போட்டிக்கு நடுவராக அமர்ந்து சொந்தக்காரர்களை இழந்தவர்கள் ஆகிய என் இனத்தார் அனைவருக்கும் இது விளங்கும். விளங்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் அப்படியே இருக்கட்டும்.

நான் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம்

தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்று, மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கில் வீடு வாங்கிக் குடியேறிய மறு மாதமே கோயில் குழுவினர் மூவர் என்னைத் தேடி வந்தனர். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு மேலே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பொது அறை உண்டு. 'கிளப்பு ரூம்' என்பது அதன் பெயர். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஊர் திரும்பியபோது அவர்களுடைய ஸ்நூக்கர் மேசையை எடுத்துப்போக இயலாமல் தோட்டத்துக்கு விட்டுச் சென்றார்கள். கல்பலகை பொருத்திய அந்த மேசையை உள்ளே கொண்டுபோக வாசல் போதாமல், சுவரை இடித்து, மேசையை வைத்து, மறுபடியும் சுவரைக் கட்டினார்களாம். ஆகவே, மேசைக்காக அறையா, அறைக்காக மேசையா என்பது இன்றுவரை தீராத கேள்வி.

அந்த மேசையில் நடந்த ஓர் ஆட்டத்தில் புள்ளிக் கணக்கு நாற்பத்து மூன்றா, நாற்பத்தெட்டா என்ற வாதம் கைகலப்பாகி, ஒருவர் தானா ராத்தா மருத்துவமனையில் மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்து ஏட்டில் புள்ளி எழுத வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. எனக்கு அந்த ஆட்டத்தில் அரிச்சுவடியும் தெரியாது என்று உண்மையைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். குழுத் தலைவர் முகம் மலர்ந்தது. "தெரியாத ஆளுதான் சார் வேணும். தெரிஞ்சவன் பூராவும் யாராவது ஒருத்தன் பக்கம் சாஞ்சிருக்கான்!"

மேசையின் அங்க இலட்சணங்கள்

சிவப்புப் பந்தைக் குழியில் தள்ளினால் ஒரு புள்ளி, கறுப்புப் பந்துக்கு ஏழு, இடைப்பட்ட நிறங்களுக்கு இடைப்பட்ட புள்ளிகள் என்பதை ஒரே மாலையில் கற்றுக்கொண்டேன். மேசையைக் கற்றுக்கொள்ளத்தான் ஓராண்டு ஆயிற்று. மலைச் சரிவில் கட்டிய அறையாதலால், தரை ஆண்டுக்காண்டு கீழ்ப்புறம் இறங்கிக்கொண்டிருந்தது. மேசையின் ஒரு காலுக்கு அடியில் உரச் சாக்கை நான்காக மடித்து வைத்திருந்தார்கள். இளஞ்சிவப்புப் பந்து ஒரு தீபாவளியன்று காணாமற்போய்விட்டதால், உபரியாக இருந்த வெள்ளைப் பந்தொன்றுக்கு நகப்பூச்சு அடித்து வைத்திருந்தார்கள். பலமாக அடித்தால் பூச்சு உதிரும். உதிர்ந்த பிறகு அது வெள்ளையா, இளஞ்சிவப்பா என்று தீர்ப்பளிப்பது என் கடமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பச்சைத் துணியில் இடப்பக்க நடுக்குழிக்கு அருகே, இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் ஒரு கருகல் இருந்தது. குளிரிலும் ஈரத்திலும் துணி நமுத்துப்போகும் என்பதால், மாதம் ஒருமுறை கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது எங்கள் வழக்கம். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தவர் கேன்டீனில் சண்டை என்று கேட்டு, பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஓடியதன் நினைவுச் சின்னம் அது. அந்தக் கருகலின் மீது உருளும் பந்து தயங்கும், யோசிக்கும், பிறகு தனக்குத் தோன்றிய திசையில் போகும். ஈப்போவிலிருந்து வந்த ஓர் ஆட்டக்காரர் மூன்று பந்துகளை அங்கே இழந்தபின் என்னிடம் கேட்டார்: "சார், இது மேசையா, இல்ல தோட்டத்து மண்ரோடா?"

ஒரே அடியில் எத்தனை பந்து?

இந்த மேசையின் அரசர் தங்கையா. தேயிலை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர், சாரம் என்கிற கைலியும் கம்பளிச் சட்டையும் கோயில் குழு கொடுத்த ஒரு தொப்பியுமாக, அறையைத் திறக்கும்போது வந்து பூட்டும்போது போகிறவர். 'தோல்வியே அறியாத தங்கையா' என்று கேமரன் மலை முழுதும் பெயர். துரை ஒருவரைத் துடைப்பக் கட்டையால் ஆடித் தோற்கடித்தார் என்பார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கறுப்புப் பந்தை விழவைத்தார் என்பார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் அவருடைய கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஆடாமலே பஸ் ஏறினார் என்றும் சொல்வார்கள்.

நான் கவனித்த ஒரு விந்தை உண்டு. எங்கள் தோட்டத்தில் கேட்டால், தங்கையா ஒரே அடியில் இரண்டு பந்துகளைக் குழியில் தள்ளியதாகச் சொன்னார்கள். பிரிஞ்சாங் சந்தையில் அது மூன்று. கியா பார்மில் நான்கு. திரிங்காப்பில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் ஐந்து என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தூரம் கூடக்கூடப் பந்துகளும் கூடின. இதைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து கேட்டேன். கோல் முனையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தபடி தங்கையா சொன்னார்: "ஒன்னுதான் சார் விழுந்துச்சு. மத்ததெல்லாம் இவங்க சொல்லிச் சொல்லி விழுந்தது."

ஏடு சொல்லும் உண்மை

பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்: என் ஏட்டின்படி தங்கையா சுமாரான ஆட்டக்காரர். ஆடியதில் ஏறக்குறையப் பாதியை வென்றிருக்கிறார், மீதியைத் தோற்றிருக்கிறார். குறிப்பாக, தொழிற்சாலை மெக்கானிக் மணியத்திடம் அவர் தோற்காத மாதமே இல்லை. தேதியும் புள்ளியும் என் கையெழுத்தும் அதற்குச் சாட்சி.

ஒரு ஞாயிறு மணியம் அவரை இருபத்தைந்து புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். நான் எழுந்து நின்று, பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அறிவிக்கும் அதே குரலில், "வெற்றி பெற்றவர் திரு. மணியம்" என்று அறிவித்தேன். யாரும் தலை நிமிரவில்லை. வென்றவரே என்னை இரக்கத்துடன் பார்த்தார். "இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு சார். அவரு நெசமா ஆடுனா நாங்கள்லாம் நிக்க முடியுமாலா?"

மந்திரவாதி பிறந்த கதை

அப்படியானால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று துருவினேன். துருவியதில் திரிங்காப்பின் கோபிஸ் எனப்படும் முட்டைக்கோஸ் வியாபாரி வேலு அகப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன், புதிதாக வாங்கிய ரப்பர் பூட்ஸைப் பந்தயமாக வைத்து அவர் தங்கையாவுடன் ஆடியிருக்கிறார். கடைசிக் கறுப்புப் பந்தை அழகாகக் குழியில் தள்ளிவிட்டு, கோலை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது, அடித்த வெள்ளைப் பந்தும் மெல்ல உருண்டுபோய் எதிர்க்குழியில் விழுந்துவிட்டது. வெள்ளை விழுந்தால் தண்டனைப் புள்ளி எதிராளிக்குச் சேரும் என்பதால் ஆட்டம் தங்கையாவுக்கு. பூட்ஸும் அவருக்கே. தங்கையா அந்த நேரத்தில் பெஞ்சில் அமர்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

வேலு வெறுங்காலுடன் தம் லோரியில் ஏறித் திரிங்காப் போய்ச் சேர்ந்தார். போகிற வழியில் மூன்று இடங்களில் நிறுத்தி, தங்கையா கண்ணாலேயே பந்தை இழுத்ததாகச் சொல்லியிருக்கிறார். "வெள்ளையைத் தள்ளியது நீங்கள்தானே? அவர்மேல் ஏன் இந்தப் பழி?" என்று கேட்டேன். வேலு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், லோரி டிரைவர்கிட்ட பூட்ஸைத் தோத்தேன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறது? மந்திரவாதிகிட்ட தோத்தேன்னு சொன்னா பொண்டாட்டி சோறாவது போடுவா."

ஜன்னல்

தோற்றவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒரு கல் எடுத்து வைத்து எழுப்பிய கோபுரம் அது என்பதை உணர்ந்தபின், தங்கையாவிடம் உண்மையான திறமை ஏதும் உண்டா என்று கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன். ஒன்று இருந்தது. வெளியூர் ஆட்டக்காரர் யாரேனும் வந்தால், மதியம் முழுவதும் கதை பேசுவார். ஆட்டத்தை எப்படியாவது மூன்று மணிக்குத் தள்ளிவிடுவார். மூன்று மணிக்குச் சற்று முன், "புழுக்கமா இருக்கு, கொஞ்சம் காத்து வரட்டும்" என்று பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னலைத் திறப்பார். நாங்கள் அனைவரும் கம்பளிச் சட்டையில் நடுங்கிக்கொண்டிருப்போம். ஜன்னல் வழியே மூடுபனி நுழையும். கால் மணி நேரத்தில் பச்சைத் துணி ஈரங்குடித்துக் கனத்துவிடும். வெளியூர்க்காரர் தம் ஊர் வேகத்தில் தட்டுவார்; பந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்று அவரைத் திரும்பிப் பார்க்கும். தங்கையாவோ லோரி ஏற்றம் ஏறுகிறபோது மிதிப்பது போல ஓங்கி அடிப்பார்.

இது நேர்மையா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு ரூல்ஸ்ல எங்கயாவது இருக்கா சார்?" என்றார். ஈப்போவிலிருந்து விதிப் புத்தகத்தை வரவழைத்து, முன்னுரை தொடங்கிப் பின்னட்டை வரை வாசித்தேன். கோலின் நீளம், பந்தின் எடை, ஆட்டக்காரரின் கழுத்துப்பட்டை எல்லாம் இருந்தன, ஜன்னல் இல்லை. அதை ஒப்புக்கொண்டபோது தங்கையா பெருமூச்சு விட்டார். "இருந்து என்ன சார்? பேரு பெரிசானதுலேருந்து எவனும் பந்தயத்துக்கு வரமாட்டேங்கிறான். கடைசியா ஜெயிச்ச பூட்ஸு கிழிஞ்சே போச்சு."

புதுத் துரை

தோட்டத்துக்குப் புதிய மேனேஜராக வந்தவர் பிரகாஷ், கோலாலம்பூரில் வளர்ந்த தமிழர், முப்பத்தைந்து வயதுக்குள். அவரைத் 'துரை' என்று அழைத்தால் முகம் சுளிப்பார், ஆனாலும் அழைத்தார்கள். வந்த மூன்றாம் மாதம் ஒரு கடிதம் அனுப்பினார். கிளப்பு ரூமிலிருந்து பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிவதால், அதைச் சுற்றுப்பயணிகள் அமர்ந்து தேநீரும் கேக்கும் சாப்பிடும் கடையாக மாற்றப்போவதாகவும், பொருள்களை மாத இறுதிக்குள் அகற்றவேண்டும் என்றும் அதில் இருந்தது. 'பொருள்கள்' என்று அவர் குறிப்பிட்டவை: கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எடுக்கும் அண்டா குண்டாக்கள், மடக்கு நாற்காலிகள், சவப்பந்தலுக்கான தகரங்கள், மேசை, மற்றும் தங்கையா. அவருடைய மகள் சரோஜாவின் லயன் வீட்டில் இரண்டே அறைகள், ஆறு பேர். சரோஜா தொழிற்சாலை வேலைக்குப் புறப்படும்போது இவர் அறைக்குப் புறப்படுவார். அந்தக் கதவு மூடினால் அவர் போய் உட்கார வேறு இடமில்லை.

கோயில் குழுவுடன் நானும் ஆபீசுக்குப் போனேன். எங்கள் தலைவர் உணர்ச்சி மிகுதியில், "எங்க தங்கையா ஆடுன மேசை துரை அது!" என்றார். பிரகாஷின் பார்வை, அலமாரி மேல் இருந்த ஒரு நீளமான தோல்பையின் பக்கம் போயிற்று. பல்கலைக்கழகத்தில் ஸ்நூக்கர் கோப்பை வென்றவராம். சொந்தக் கோல் வைத்திருக்கிறவராம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்படியா? உங்க தங்கையா என்னை ஜெயிச்சா ரூம் உங்களுக்கே. தோத்தா ஒன்னாந்தேதி கடை." வெளியே வந்ததும், ஆபீசில் எழுத்தராக இருக்கும் கிராணி செல்வம் எங்கள் பின்னாலேயே ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார். "துரை சொன்னதுக்கு நான் சாட்சி சார். ஆனா எங்கயும் என் பேரை எழுதிடாதீங்க!"

தங்கையாவின் ஒப்புதல்

லயனில் அன்றே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. அறை காப்பாற்றப்பட்டுவிட்டதாகவே அனைவரும் பேசினர். அடுத்த வாரக் கல்யாணத்துக்கு நாற்காலிகளை முன்பதிவு செய்துவிட்டார் ஒருவர். தங்கையா மட்டும் தேநீரைத் தொடாமல் அமர்ந்திருந்தார். தானா ராத்தாவின் ஸ்நூக்கர் கூடத்தில் பிரகாஷ் பயிற்சி செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அங்கே வரிசையாக எட்டுப் பந்துகளை அந்தப் பிள்ளை இறக்கியதாம். இவர் வாழ்நாளில் வரிசையாக நான்கைத் தாண்டியதில்லை.

"மணியத்தை ஆடச் சொல்லலாமே, அவர் உங்களைவிட நன்றாக ஆடுகிறாரே" என்றேன். ஓர் ஆசிரியன் சொல்லத்தக்க நேர்மையான யோசனைதான். மணியம் அதைக் கேட்டதும், நான் கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல எழுந்து வெளியே போய்விட்டார். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே எஞ்சினோம். தங்கையா தம் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருசமா ஊரு சேர்ந்து சொன்ன பொய்யி சார் இது. இப்ப நான் ஒருத்தனா நின்னு அதை ஆடிக் காட்டணுமாம்."

வெயில் அடித்த ஞாயிறு

ஆட்டம் மூன்று மணிக்கு என்று தங்கையா கேட்டிருந்தார், பிரகாஷ் ஒப்புக்கொண்டார். அறை நிரம்பி, ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள் தொங்கினார்கள். வேலு திரிங்காப்பிலிருந்து லோரி நிறைய ஆட்களுடன் வந்திருந்தார். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தங்கையா எழுந்தார். "புழுக்கமா இருக்கு" என்று ஜன்னலைத் திறந்தார். சுள்ளென்று வெயில் உள்ளே வந்தது. அப்படியொரு வெயிலை அந்த மாதத்திலேயே நாங்கள் பார்த்திருக்கவில்லை. பள்ளத்தாக்கின் மறுபக்கத்துத் தேயிலைச் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. தங்கையா சாரத்தை அவிழ்த்துக் கட்டினார், தேநீர் கேட்டார், சர்க்கரை போதவில்லை என்றார், கழிவறைக்குப் போய் வந்தார். பனி வரவில்லை. துணி இஸ்திரி போட்ட சட்டையைப் போல மொறமொறவென்று காய்ந்தது.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை; அதை நான் எங்கும் சொல்வேன். நெற்றி வியர்க்க, பல்லைக் கடித்து, தமக்குத் தெரிந்த அத்தனையையும் ஆடினார். கருகலின் வழியாகக்கூட ஒரு பந்தை அனுப்பிப் பார்த்தார். அது அவரையும் ஏமாற்றியது. எளிய நீலப் பந்தொன்றைத் தவறவிட்டார். பிரகாஷ் நிதானமாக ஆடி, கடைசிக் கறுப்பையும் இறக்கினார். எண்பத்து நான்குக்கு முப்பத்தொன்று. எழுதினேன், எழுந்தேன், தெளிவாக அறிவித்தேன். சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது பின்வரிசையிலிருந்து வேலுவின் பெருமூச்சு எழுந்தது. "பாவம்லா... சின்னப் புள்ள, ஊருக்குப் புதுசுன்னு மனுசன் விட்டுக் குடுத்துட்டாரு."

சந்தையில் கிடைத்த பாராட்டு

அறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறியது. நீலப் பந்தைத் தவறவிட்டதை எல்லோரும் பார்த்தார்களல்லவா? அவ்வளவு எளிய பந்தைத் தங்கையா தவறவிடுவாரா? அதுவே அத்தாட்சி. செய்தி பிரிஞ்சாங் சந்தைக்கு இறங்கி, கியா பார்முக்கு ஏறி, திரிங்காப் போய்ச் சேர்ந்தபோது, தங்கையா கண்ணீர் மல்கத் துரையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுத் தோற்றதாக ஆகியிருந்தது.

பிரகாஷ் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனார். கடைக்கார அம்மா அவரை அடையாளம் கண்டு, இரண்டு தக்காளியைக் கூடுதலாகப் போட்டு, ஆறுதல் சொல்லும் குரலில் பேசியிருக்கிறார். அதை எனக்குத் திருப்பிச் சொன்னபோது பிரகாஷின் காது சிவந்திருந்தது. "வருத்தப்படாதீங்க தம்பி, பெரியவங்க தானமா குடுத்ததுல கடை வச்சா நல்லா வரும்!"

மூடுபனி ஞாயிறு

மறு ஆட்டம் வேண்டும் என்று பிரகாஷே கேட்டு ஆள் அனுப்பினார். அறையையே மறுபடியும் பந்தயமாக வைத்து, கடை திறக்கும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். அந்த ஞாயிறு பனி இரண்டு மணிக்கே வந்து, எங்கள் அனைவருக்கும் முன்னால் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது. துணி ஊறியது. பிரகாஷின் முதல் நான்கு அடிகளும் வழியிலேயே உயிரை விட்டன. தங்கையா முன்னேறினார், நாற்பதைத் தொட்டார். அறை காப்பாற்றப்பட்டது என்றே நானும் நம்பினேன். ஆனால் அந்தப் பிள்ளை கெட்டிக்காரர். ஐந்தாம் அடியில் துணியின் ஈரத்தைப் புரிந்துகொண்டார். முடிவில் ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்திரண்டு. மறுபடியும் அவருக்கே வெற்றி.

தங்கையாவின் முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். எனக்கு அருகில் நின்ற மணியம் கண்களைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவ விட்டுக் குடுக்குறது யாராலயும் முடியும் சார். கைக்கு வந்ததை ரெண்டாவது தடவயும் விடுறாருன்னா, அதுக்கு எம்மாம் பெரிய மனசு வேணும்!"

உண்மை பேசியவன் கதி

பிரகாஷ் என் வீட்டுக்கே வந்தார். "சார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் நிஜமா ஆடினாரா?" என்று கேட்டார். ஆம் என்றேன். முழு மூச்சுடன் ஆடினார், இரு முறையும் தோற்றார், நீங்கள் அவரைவிடச் சிறந்த ஆட்டக்காரர் என்றேன். இப்படிச் சொல்வது அறைக்கு உலை வைக்கும் என்று அறிந்தேதான் சொன்னேன். வகுப்பில் ஒரு தலைமுறையையே உண்மை பேசச் சொல்லி முட்டிபோட வைத்துவிட்டு, முதுமையில் நான் எப்படிப் பொய் சொல்வது? அதைக் கோயில் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வீர்களா என்று கேட்டார். அதற்கும் சம்மதித்தேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று, ஏட்டைப் பிரித்து, மூன்றாண்டுப் புள்ளிகளையும் வரிசையாக வாசித்தேன். தங்கையா மணியத்திடம் தோற்றது, கேன்டீன்காரரிடம் தோற்றது, துரையிடம் இரு முறை தோற்றது, ஒன்றையும் விடவில்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தேன். எல்லோரும் கனிவோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கைதட்டவும் தொடங்கினார். குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "துரை மனசு நோகக் கூடாதுன்னு சார் எவ்வளவு நாகரிகமா மறைக்கிறாரு பாருங்கலா!"

கடைசி விசாரணை

பிரகாஷ் பொறுமை இழந்தார். அடுத்த ஞாயிறு, கோல் ஏதும் எடுக்காமல் கிளப்பு ரூமுக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் தங்கையாவின் எதிரே நின்றார். "ஐயா, நீங்களே சொல்லுங்க. என்கிட்ட நிஜமாவே தோத்தீங்களா, இல்லையா?" என்றார். தங்கையா எழுந்து தொப்பியைக் கழற்றினார். அவருடைய குரலில் ஒரு துளி வஞ்சகம் இல்லை. "ஆமா துரை. நீங்கதான் நல்லா ஆடுனீங்க. நான் தோத்துட்டேன்." அறை அதிர்ந்தது. விசில் பறந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வேலு ஓடிவந்து தங்கையாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் நடுவில் இப்படிச் சொல்லும் பெருந்தன்மை இந்த மலையில் வேறு யாருக்கு வரும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

பிரகாஷ் அந்தக் கூச்சலுக்கு நடுவிலேயே கிராணி செல்வத்தைக் கூப்பிட்டு, தேநீர்க் கடையைக் கீழே லோரி நிறுத்தும் இடத்துக்கு அருகே கட்ட ஏற்பாடு செய்யும்படி சொன்னார். தானமாகப் பெற்ற அறையில் கடை நடத்தினால் இந்த மலையில் தம்மால் ஒரு தக்காளிகூட வாங்க முடியாது என்று என்னிடம் தனியே சொன்னார். ஆபீஸ் கடிதத்தில் மட்டும், 'தரை சமமாக இல்லாததால்' என்று காரணம் காட்டியிருந்தார், அதுவும் உண்மைதான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். தங்கையாவை என்றாவது ஒருநாள் 'நிஜமாக' வென்றே தீர்வது என்று பிடிவாதமாக ஆடுகிறார். ஒவ்வொரு ஞாயிறும் வெல்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் தங்கையாவைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். போன வாரம் கூட்டம் கலைந்தபின், நான் ஏட்டை மூடிக்கொண்டிருக்கையில், தங்கையா என் அருகே வந்து உட்கார்ந்தார். அறை தப்பியதில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. "நானே வாயைத் தொறந்து தோத்தேன்னு சொல்லியும் நம்ப மாட்டேங்கிறாங்களே சார். இனிமே நான் எப்படித்தான் தோக்குறது?"

ஜெயிப்பதற்குக் கோலும் கையும் கண்ணும் இருந்தால் போதும், தோற்பதற்குத்தான் ஊரின் சம்மதம் வேண்டும் என்பதே இந்தப் புள்ளி எழுதும் வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம்.